முற்றுப்புள்ளி வைக்கப் பழக்குவது எப்படி?

கோலாலம்பூரின் செந்தூலில் என் வீட்டுக்கு மாலையில் படிக்க வரும் சிறுமி ஒருத்தி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்குப் போனதை அவள் இப்படி எழுதி வந்தாள்: "நாங்கள் பத்துமலைக்குப் போனோம் 272 படி ஏறினோம் கால் வலித்தது". முற்றுப்புள்ளி எங்கே என்று கேட்டேன். 'போனோம்' என்ற சொல்லில் 'ம்' மேல் இருந்த புள்ளியைத் தொட்டு, "வைத்திருக்கிறேனே, டீச்சர்!" என்றாள். அவள்மேல் பிழையில்லை. இரண்டு புள்ளிகளையும் நாம்தான் பிரித்துக் காட்டவில்லை.

1. அங்கிருந்தே தொடங்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேல், முற்றுப்புள்ளி காலடியில். 'போனோம்' என்று பெரிதாக எழுதி, தலைப்புள்ளியைப் பென்சிலால் வைக்கச் சொல்லுங்கள். காலடியில் ஒரு பச்சைப்பயறை வைக்கட்டும். விரலால் வைத்தது மனத்தில் நிற்கும்.

2. அடுத்தது, வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் புது வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கும். தமிழில் அந்த உதவி இல்லை, புள்ளி ஒன்றுதான் வேலி. போனோம், ஏறினோம், வலித்தது என்று செயல் முடியும் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். 'பத்துமலைக்குப் போய்' என்ற இடத்திலேயே பயறை வைக்கக் கை நீண்டால் திருத்தாதீர்கள். "போய்...?" என்று இழுத்துக் கேளுங்கள். மீதியைப் பிள்ளையே சொல்லும். 'இது என் பை.' போல வினைச்சொல் இல்லாமல் முடிவதைப் பிறகு காட்டலாம்.

3. கேள்விக்குறிக்கு யார், எங்கே, ஏன் என்ற சொற்கள் கைகொடுக்கும். 'வந்தாள்' என்பது 'வந்தாளா?' ஆவதையும் குரலை ஏற்றிச் சொல்லிக் காட்டுங்கள். ஆனால் 'ஆ' ஓசையில் முடிவதெல்லாம் கேள்வியாகாது. 'அது நிலா.' என்றால் புள்ளி, 'அது நிலாவா?' என்றால் கேள்விக்குறி. மலாய், ஆங்கில வகுப்புகளிலும் இதே குறிகள்தாம் என்பதால் இந்தப் பயிற்சி மூன்று மொழிக்கும் உதவும்.

4. வியப்புக்குறிக்குப் பத்துமலை முருகன் சிலையையே எடுத்துக்கொள்ளலாம். "சிலை எவ்வளவு உயரம்?" என்றால் 42.7 மீட்டர் என்று பதில் வரவேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு உயரம்!" என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறோமா என்று பிள்ளையிடம் கேட்டால் போதும், குறி தானாக விளங்கும். ஒரு வியப்புக்கு ஒரு குறிதான்.

நாளுக்கு மூன்று வாக்கியம் எழுதினால் போதும். விடுபட்ட புள்ளியைச் சிவப்பு மையால் நீங்களே வைத்துவிடாதீர்கள். பிள்ளை எழுதியதை எழுதியபடியே, எங்கும் நிறுத்தாமல் படித்துக் காட்டுங்கள். அந்தச் சிறுமி இரண்டாவது வரியிலேயே என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பயறு டப்பாவைத் திறந்தாள்.