வாத்து ஷூவுக்குள் ஒளிந்தால்: பாட்டுப் படநூலில் ஸ்பானிஷ் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பக்கம். பெரிய சிவப்பு ஷூ, அதற்குள்ளிருந்து தலையை நீட்டும் வாத்து. கீழே இரண்டு அடி: “தோந்தே எஸ்தா எல் பாத்தோ? தென்த்ரோ தெல் சபாத்தோ.” வாத்து எங்கே? ஷூவுக்குள்ளே. பாத்தோ வாத்து, சபாத்தோ ஷூ. ஷூவுக்குள் வாத்து இருப்பதுபோலவே சபாத்தோ என்ற சொல்லுக்குள்ளும் பாத்தோ இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் குழந்தை எப்படிக் கற்கிறது? ‘பாத்தோ’ என்று கேட்டதுமே, அடுத்த அடியும் அதே ஓசையில்தான் முடியும் என்று காது காத்திருக்கிறது. அந்த நேரத்தில் கண் ஷூவின் மேல் இருந்தால் ஓசையும் பொருளும் ஒன்றாகப் போய் உட்காரும். அமெரிக்காவில் பாலர் பள்ளியிலேயே ஸ்பானிஷைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்காகப் பல தமிழ்ப் பெற்றோர் இத்தகைய நூல்களை வாங்குகிறார்கள். வாங்கியபின் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் காத்திருப்பைக் கெடுப்பவைதான்.

இரண்டு சொல்லும் புதிதாக இருப்பது

இதுதான் முதல் தவறு, அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். ஓசை ஒன்றிவரும் சொற்கள் ஒன்றுபோலக் கேட்பவை. பாத்தோ, காத்தோ (பூனை), சபாத்தோ மூன்றையும் ஒரே நாளில் அறிமுகம் செய்தால் மூன்று வயதுக் குழந்தைக்கு வாத்தும் பூனையும் குழம்பும். இணையில் ஒரு சொல் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும். அது புதியதைக் கையைப் பிடித்து அழைத்து வரும். நூலைத் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே, குளிக்கும்போது மிதக்கும் ரப்பர் வாத்தைக் காட்டி ‘எல் பாத்தோ’ என்று பழக்கிவிட்டால், அந்தப் பக்கத்தில் கற்க வேண்டியது சபாத்தோ மட்டும்தான். ஒரு நூலுக்கு நான்கைந்து புதுச்சொல் போதும். மற்றவை பாட்டோடு போகட்டும்.

நூல் தேர்விலும் இதே கண்ணோட்டம் வேண்டும். காத்தீத்தோ, பாத்தீத்தோ, போயீத்தோ (பூனைக்குட்டி, வாத்துக்குஞ்சு, கோழிக்குஞ்சு) என்று முடியும் பாட்டுகள் இனிமையாக இருக்கும். ஆனால் அங்கே ஒன்றுவது ‘ஈத்தோ’ என்ற குட்டி விகுதிதான். குழந்தை வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிடும். காந்தார், சால்தார், பாய்லார் (பாட, குதிக்க, ஆட) என்று வினைகளின் ஈற்றில் ஓடும் பாட்டிலும் இதே சிக்கல். லூனா – கூனா (நிலா – தொட்டில்), சோல் – காராகோல் (சூரியன் – நத்தை), ராத்தோன் – ஹபோன் (எலி – சோப்பு) என்று சொல்லே ஒன்றும் நூல்களை முதலில் வாங்குங்கள்.

ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி பெயர்த்த நூல்களை வாங்கும்முன் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் பூனையும் தொப்பியும் ஒன்றின. ஸ்பானிஷில் காத்தோவும் சோம்ப்ரேரோவும் ஒன்றாது. அது வெறும் உரைநடை. ஆங்கிலப் பாட்டின் நடுவே ஸ்பானிஷ் சொல்லைப் பொருத்தும் நூல்களில் வேறோர் ஆபத்து உண்டு. ‘அமீகோ’வை ஆங்கில ‘கோ’வுடன் ஒன்றவைக்கும்போது, அழுத்தம் விழவேண்டிய ‘மீ’ மெலிந்து கடைசி ஓ ‘ஓவ்’ என்று நீள்கிறது. குழந்தை பிடிப்பது அந்தத் தவறான ஓசையைத்தான்.

நம் எதுகை இரண்டாம் எழுத்தில் ஒன்றும். ஸ்பானிஷ் பாட்டு அடியின் கடைசியில், அழுத்தம் விழும் உயிரிலிருந்து முடிவுவரை ஒன்றும். கிட்டத்தட்ட நம் இயைபு. உயிரெழுத்துகள் மட்டும் ஒன்றும் வகையும் உண்டு: காத்தோ – மானோ. அதில் தவறில்லை, ஆனால் புதிய காதுக்கு எட்டாது. தொடக்கத்துக்கு வேண்டாம்.

தமிழ் வாய்க்கு எளிதானதை ஆங்கில வாயால் கெடுப்பது

நம் தாய்மொழி இங்கே பெரிய துணை. ஆனால் ரோமன் எழுத்தைப் பார்த்ததும் நமக்கு ஆங்கிலப் பழக்கம் வந்துவிடுகிறது. ‘பாட்டோ’ என்று ட போடாதீர்கள். ஸ்பானிஷில் நாக்கு பல்லைத் தொடும், நம் த போல. இரண்டு உயிருக்கு நடுவே வரும் ‘த’ மென்மையானது: தேதோ (விரல்) என்பதில் இரண்டாவது எழுத்து ‘அது’வில் வரும் து போல உரசிப்போகும். நம் ஞ அவர்களிடம் அப்படியே இருக்கிறது: நீஞ்யோ என்று உடைக்காமல் ‘நீஞோ’ (சிறுவன்) என்றால் சரி. பசுவுக்கு ‘வாக்கா’ என்பது தவறு. ‘கம்பம்’ என்பதன் நடுவில் கேட்கும் அந்த ப ஓசையோடு தொடங்கும் ‘பாக்கா’.

கார்ரோ (கார்), காரோ (விலை அதிகமானது) இரண்டும் வேறு. கன்னியாகுமரிப் பக்கம் மரத்தையும் மறத்தையும் பிரித்துச் சொல்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். ரானா (தவளை), ராத்தோன் போலச் சொல்லின் முதலில் வருவதும் உருளும் ற-தான். ஆனால் குழந்தையை வற்புறுத்த வேண்டாம். ஸ்பானிஷ் தாய்மொழிக் குழந்தைகளுக்கே இது கடைசியில் வரும் ஓசைகளில் ஒன்று. ஐந்து வயதைத் தாண்டியும் பலர் தடுமாறுவார்கள். நீங்கள் சரியாகச் சொன்னால் போதும்.

தமிழ்ப் பழக்கமே கெடுக்கும் இடங்களும் மூன்று உண்டு. ‘எலி’யை ‘யெலி’ என்பதுபோல ‘எல்’லை ‘யெல்’ என்றும், கரடியான ‘ஓசோ’வை ‘வோசோ’ என்றும் சொல்வது ஒன்று. மெய்யில் முடியும் சொல்லுக்கு உகரம் சேர்ப்பது இன்னொன்று. ‘சோலு’ என்றால் காராகோலோடு இருந்த ஒலிப்பொருத்தம் போய்விடும். மூன்றாவது உடம்படுமெய். ‘எஸ்தா எல்’ என்பது ‘எஸ்தாவெல்’ ஆகக் கூடாது. ஸ்பானிஷில் உயிரும் உயிரும் இடையில் எதுவுமின்றி வழுக்கிச் சேரும்: தோந்தெஸ்தாஎல்பாத்தோ, ஒரே மூச்சில். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் படித்தால் சந்தம் உதிர்ந்துவிடும்.

இவ்வளவும் இருக்க, புத்தகத்தில் ஸ்பானிஷ் வரிக்கு மேலே தமிழில் எழுதிவைப்பது பலருடைய வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். முத்தம் ‘பேசோ’, எடையும் ‘பேசோ’. இரண்டு ‘தோஸ்’, இருமலும் ‘தோஸ்’. முதலெழுத்தின் வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. பாத்தோ என்று எழுதினால் த்த அழுந்தும், பாதோ என்று எழுதினால் மெலியும். உண்மையான ஓசை இரண்டுக்கும் நடுவே. இந்தக் கட்டுரையில் உள்ள தமிழ் எழுத்துகளும் உங்கள் கண்ணுக்கு ஓர் அடையாளம் மட்டுமே. தாய்மொழியாகப் பேசுபவர் படித்த ஒலிப்பதிவை முதலில் நீங்கள் கேட்டுப் பழகுங்கள், பிறகு உங்கள் குரலில் படியுங்கள். பதிவை ஓடவிட்டுக் குழந்தையைத் தனியே உட்காரவைப்பது பயன் தராது. 2003இல் ஆய்வாளர் பட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் கேட்கச் செய்தபோது, நேரில் ஆள் பேசிக் கேட்டவை கற்றன. அதையே காணொளியிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை கற்கவில்லை.

நடுவில் நிறுத்தி மொழிபெயர்ப்பது

“பாத்தோன்னா வாத்து, சரியா? தென்த்ரோன்னா உள்ளே” என்று அடிக்கு நடுவே விளக்கினால், காத்திருக்கும் காது கலைந்துவிடும். தமிழ் வேண்டாம் என்பதில்லை, இடம்தான் முக்கியம். முதல் நாள் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டி, தமிழிலேயே பேசுங்கள்: “அய்யோ, வாத்து எங்க போய் உட்கார்ந்திருக்கு பாரு!” அடுத்த முறை விரலால் படத்தைக் காட்டியபடி பாட்டை நிறுத்தாமல் படியுங்கள். விரல் சொல்லுக்குச் சற்று முன்னே போகட்டும், பின்னே அல்ல.

மூன்று நான்கு முறை படித்தபின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். “தென்த்ரோ தெல்…” மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவசரக்காரர்கள் இரண்டிலேயே தாங்களே சொல்லிவிடுவார்கள். 2014இல் கிர்ஸ்டன் ரீட் வெளியிட்ட ஆய்வு, ஓசை ஒன்றும் இடத்தில் வந்த புதுச்சொற்களும் அவற்றுக்கு முன் வாசிப்பவர் விட்ட இடைவெளியும் சிறுவர்களுக்கு உதவியதைக் காட்டியது. குழந்தை ‘பாத்தோ’ என்று மட்டும் சொன்னாலும் “இல்லை, தப்பு” வேண்டாம். “சீ, சபாத்தோ!” (ஸ்பானிஷில் ‘சீ’ என்றால் ‘ஆம்’) என்று முழுச்சொல்லை மகிழ்ச்சியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். “இது என்ன? அது என்ன?” என்ற கேள்விக்கணை புத்தகத்தையே வெறுக்க வைக்கும்.

தினம் ஒரு புது நூல் என்பதும் வேண்டாத ஆசை. 2011இல் ஜெசிக்கா ஹோர்ஸ்ட் குழுவினரின் ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகளில் அதே சொற்களை அதே எண்ணிக்கையில் கேட்டவர்களைவிட அதிகம் கற்றார்கள். ஒரு நூலுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

‘எல்’, ‘லா’வை உதறுவது, ஊர் வழக்கை மறப்பது

ஸ்பானிஷில் பெயர்ச்சொல் ஆண்பாலானால் அதற்கு முன்னே ‘எல்’, பெண்பாலானால் ‘லா’ வரும். லூனா என்று மட்டும் சொல்லித்தராதீர்கள், ‘லா லூனா’ என்றே சொல்லுங்கள். ‘ஆ’வில் முடிந்தால் லா, ‘ஓ’வில் முடிந்தால் எல் என்று விதி வகுத்துக்கொண்டால் லா மானோ (கை), எல் மாப்பா (வரைபடம்) இரண்டும் காலை வாரும். பாட்டோடு சேர்த்து வாயில் ஏறியது பின்னால் திருத்தம் கேட்காது.

சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும். மெக்சிகோவில் காமியோன் என்றால் பேருந்தும் உண்டு, ஸ்பெயினில் லாரி மட்டுமே. கியூபாவில் குவாகுவா பேருந்து, சிலியில் கைக்குழந்தை. காசா – தாசா (வீடு – கோப்பை) மெக்சிகோவில் அழகாக ஒன்றும். மாட்ரிட்டில் தாசாவின் ச நாக்கு பல்லிடுக்கில் வரும் வேறோர் ஓசை என்பதால் அங்கே முழுதாக ஒன்றாது. குழந்தையின் ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ எந்த நாட்டு ஸ்பானிஷ் பேசுகிறாரோ, அந்த நாட்டு நூலும் ஒலிப்பதிவும் தேடுங்கள்.

வார முடிவில் புத்தகத்தை மூடிவிட்டு, வாசலில் கிடக்கும் உண்மையான ஷூவை எடுத்துக் காட்டுங்கள். “எல் சபாத்தோ” என்று வந்தால் அடுத்த நூலுக்குப் போகலாம். பாட்டைப் பாடினால்தான் சொல் வருகிறதென்றால் அது இன்னும் ஓசையாக மட்டுமே இருக்கிறது. அதே பக்கத்தை இன்னும் மூன்று நாள் படியுங்கள், இம்முறை ரப்பர் வாத்தை நிஜ ஷூவுக்குள் ஒளித்துவைத்து.