ஈராக்கின் பஸ்ராவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களுக்கு: சாவடியில் கைபேசியை எடுக்காதீர்கள்

விசா, மருத்துவப் பரிசோதனை, இகாமா என்னும் வசிப்பிட அனுமதி எல்லாவற்றையும் நிறுவனத்தின் மந்தூப், அதாவது அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் ஆள், பார்த்துக்கொள்வார். இகாமா அட்டையையும் கடவுச்சீட்டின் நகலையும் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களோடு வெல்டராக இருந்த திருத்துறைப்பூண்டித் தம்பி, ருமைலா எண்ணெய் வயலிலிருந்து வேனில் திரும்பும்போது, இங்கே சைத்தரா என்று சொல்லும் சோதனைச் சாவடியில் நின்ற பெரிய பதாகையை, ஊரில் தலைவர் கட்அவுட்டைப் படம் எடுக்கும் அதே நினைப்பில் கைபேசியில் எடுத்தார். பதாகையில் இருந்தவர்கள் 2020 ஜனவரி 3 அன்று பாக்தாத் விமான நிலையத்தருகே அமெரிக்க டிரோன் தாக்குதலில் கொல்லப்பட்ட ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியும், கத்தாயிப் ஹிஸ்புல்லா என்னும் ஈராக்கிய ஆயுதக் குழுவை நிறுவிய அபூ மஹ்தி அல்-முஹந்திஸும்.

அந்தப் பெயரைக் கேட்டதும் லெபனான் ஹிஸ்புல்லாவின் கிளை என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு அமைப்பு. ஆனால் இரண்டுக்கும் ஈரான் புரட்சிக் காவல் படையின் குத்ஸ் பிரிவே புரவலர். 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்தபின், ஈராக்கின் மூத்த ஷியா மதகுரு அயத்துல்லா சிஸ்தானி விடுத்த அழைப்பில் திரண்ட ஆயுதக் குழுக்களின் கூட்டமைப்பான ஹஷ்த் அல்-ஷஅபி, 2016-இல் சட்டப்படி அரசுப் படையானது. அதில் 45, 46, 47 ஆகிய படையணிகள் கத்தாயிப்பினுடையவை. அரசுச் சம்பளம் வாங்கும் இதே அமைப்புதான் சிரியாவில் அன்றைய அதிபர் அசாத்துக்காகப் போரிட்டது, அமெரிக்கத் தளங்களைத் தாக்கியது. ஜோர்தானில் மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்தபின், 2024 ஜனவரி இறுதியில் தாக்குதலை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஹஷ்த் முழுவதும் ஒரே குரல் என்றும் கொள்ள வேண்டாம்: கர்பலா, நஜஃப் புனிதத் தலங்களைச் சார்ந்த படைகள் சிஸ்தானியின் சொல்லையே கேட்கும்; ஷியா மதகுருவும் அரசியல் தலைவருமான முக்ததா அல்-சத்ரின் சராயா அல்-சலாம் படையோ ஈரானிடமிருந்து விலகி நிற்கும். சீருடையை வைத்து எது யாருடையது என்று நாம் கண்டுபிடிக்க முடியாது, கேட்பதும் நல்லதல்ல.

தம்பியை இறக்கி நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மரியாதைக் குறைவில்லை, ஒருவர் இஸ்திகான் என்னும் சிறு கண்ணாடிக் குவளையில் சர்க்கரை முக்கால் பங்கு நிறைந்த தேநீர் கொடுத்து, அமிதாப் பச்சனைப் பற்றிக்கூட விசாரித்தார். எங்கள் ஈராக்கிய மேற்பார்வையாளர் வந்து பேசும்வரை விடவில்லை. நான் கோபித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்: சாவடியில் இறக்கப்படும் முன்பே அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார் இந்த மகாராசன். ஈராக்கில் தியாகியின் படம் அது. ஆனால் நாம் ஊருக்குப் போகும் வழியில் இறங்கும் துபாய் இருக்கும் அமீரகம், கத்தாயிப்பை 2014-லேயே பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஸ்டேட்டஸை அன்றிரவே அழிக்க வைத்தேன்.

கைபேசியில் அழிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. சாவடியில் அதை மொத்தமாகத் துடைத்தே கொடுத்திருந்தார்கள். மகளின் காதுகுத்துப் படங்களும் அதோடு போயின.