பழைய டைப்ரைட்டருக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால்

பரணில் கிடந்த ரெமிங்டனோ, பழைய சாமான் கடையில் கண்ணில் பட்ட ஹால்டாவோ கைக்கு வந்ததும், இன்றைக்கே அடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவசரம் வந்துவிடும். பல வருடம் சும்மா கிடந்தும் கெடாத மெஷின் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் கெடுகிறது.

முதல் தவறு எண்ணெய். விசை ஒட்டுகிறது என்றதும் தையல் மெஷின் எண்ணெயையோ துரு நீக்கும் ஸ்பிரேயையோ உள்ளே விட்டுவிடுகிறார்கள். சிலர் தேங்காய் எண்ணெய்கூட விடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் அருமையாக ஓடும். சில வாரத்தில் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகி, முன்பைவிட மோசமாக ஒட்டும். எழுத்துக் கம்பிகள் அரைவட்டமாக வந்து நுழையும் இரும்புத் துண்டுக்கு செக்மென்ட் என்று பெயர். அதிலுள்ள மெல்லிய காடிகளில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. அங்கே தேவை சுத்தம் மட்டும்தான். ஒயிட் பெட்ரோலில் பழைய டூத் பிரஷை நனைத்து ஒவ்வொரு காடியாகத் தேயுங்கள். விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். கரைந்து வரும் கறுப்பைத் துணியால் ஒற்றி எடுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. பொறுமையாக இரண்டு மூன்று முறை செய்தால், மெதுவாக அழுத்தி விட்டாலும் கம்பி தானாகத் திரும்பி விழும். எண்ணெய் வேண்டிய இடம், தாளைச் சுமந்து பக்கவாட்டில் நகரும் மேல்பகுதியான கேரேஜ் ஓடும் தண்டவாளம். அங்கேயும் துணியில் தொட்டுத் தடவும் அளவுதான்.

ஒட்டுகிற கம்பியை விரலால் வளைத்து ‘நேராக்குவது’ அடுத்த தவறு. வளைந்தால் அந்த எழுத்து வரிசையை விட்டு ஏறியோ இறங்கியோதான் விழும்.

தமிழ் மெஷின் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சில விசைகளைத் தட்டினால் எழுத்து விழும், கேரேஜ் நகராது. அது பழுதில்லை. புள்ளி மாதிரியான குறிகளுக்கு நகரா விசை வைத்தது தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகைக்கு ஆர். முத்தையா வகுத்த அமைப்பின் அழகு. குறியை முதலில் அடித்து, க, ம போன்ற எழுத்தை அதே இடத்தில் அடித்தால் இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாகும். இது தெரியாமல் பழுது பார்க்கப் புறப்பட்டால் நல்ல மெஷினைக் கெடுத்துவிடுவீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் அதில் இருந்தாலும் மாற்றாதீர்கள். அந்த எழுத்துகளுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

வெளிப்புறத்தைத் தின்னரால் துடைத்தால் பெயிண்டோடு கம்பெனிப் பெயரும் போய்விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். முழுக்க ஸ்பிரே பெயிண்ட் அடித்த மெஷினை நான் வாங்கவே மாட்டேன்.

ரிப்பன் வாங்கும்போது பழைய ஸ்பூலைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு அரை அங்குல ரிப்பன்தான். ஆனால் ஸ்பூல் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். புது ரிப்பனைப் பழைய ஸ்பூலில் சுற்றிக்கொள்ளுங்கள். பல மாடல்களில் ரிப்பன் முனையிலுள்ள உலோக வளையம் பட்டால்தான் ஓட்டம் திரும்பும். அதை வெட்டிவிட்டால் ரிப்பன் ஒரே இடத்தில் நின்று கிழியும்.

ரப்பர் ரோலர் கல்லாக இறுகியிருந்தால் கையால் உப்புத்தாள் போடாதீர்கள். மேடுபள்ளமாகி எழுத்து ஒரு பக்கம் மங்கும். ரப்பர் மாற்றும் வரை தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடிக்கலாம்.

கேரேஜ் நகரவில்லையா? முதலில் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கேரேஜை இழுக்கும் நாடா அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் புது நாடா கட்டலாம். ஆனால் அந்த நாடா சுற்றியிருக்கும் ஸ்பிரிங் டப்பாவைத் திறக்காதீர்கள். இறுகச் சுற்றிய ஸ்பிரிங் வெடித்து விரலைக் கிழித்துவிடும். அந்த ஒரு வேலைக்கு ஆள் வேண்டும். பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஏதாவது இருந்தால், அவர்கள் மெஷினைப் பார்க்கும் மெக்கானிக் யார் என்று கேளுங்கள். கொண்டுபோகும்போது கேரேஜை நடுவில் நிறுத்திப் பூட்டிவிடுங்கள்.