தருமபுரி வெயிலில் ஓவர்க்ளாக்: காசைக் கரைக்கும் தவறுகள்

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், கட்டட வரைபடம் போடுபவர்கள், கேம் ஆடும் கல்லூரிப் பிள்ளைகள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய கணினியை மேம்படுத்தி ஓவர்க்ளாக் செய்பவர்கள், அதாவது பிராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்கள், நிறையவே இருக்கிறார்கள். புதிதாக இறங்கும் ஒவ்வொருவரும் அதே குழியில்தான் விழுகிறார்கள். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது போன்றவை அன்றைக்கே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுவோம். மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பணத்தைத் தின்பவைதான் ஆபத்தானவை.

22 டிகிரி அறையின் எண்ணை நம்புவது

யூடியூபில் கூலரைச் சோதிப்பவர்களின் அறை பெரும்பாலும் 21, 22 டிகிரியில் இருக்கும். அங்கே பிராசசர் 72 டிகிரி காட்டினால், அறையைவிட 50 டிகிரி கூடுதல் என்று பொருள். அந்த 50 இங்கேயும் அப்படியே இருக்கும். ஏப்ரல் மதியம் ஏசி இல்லாத அறை 38 டிகிரியைத் தொட்டால் கணக்கு 88. கேபினெட்டுக்குள் காற்று இன்னும் 5 டிகிரி சூடு என்றால் 93. ஏஎம்டியின் ரைசன் 9 5900எக்ஸ் போன்ற பிராசசர் சில்லுக்கு 90 டிகிரிதான் எல்லை. தண்ணீர்க் கூலர் போட்டாலும் அறை வெப்பத்துக்குக் கீழே போக முடியாது.

ஓசூரில் அசெம்பிள் செய்து, அங்கேயே சோதித்து வாங்கி வருபவர்கள் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற குளிர்ச்சியான ஊர் அது. மாலையில் அங்கே அசையாமல் ஓடிய அமைப்பு, தருமபுரி மதியத்தில் நீலத் திரை காட்டும். ஓடப்போகும் அறையில், மதியம் 2 மணிக்கு மேல், அரை மணி நேரம் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அதில் தேறியதை மட்டும் நம்புங்கள்.

கூலரில் கொட்டி, மதர்போர்டில் மிச்சம் பிடிப்பது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தருமபுரியில் ஒரு எடிட்டிங் ஸ்டுடியோ. பழைய பி450 மதர்போர்டில் பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து 5900எக்ஸ் மாட்டினார்கள். 360 மில்லிமீட்டர் தண்ணீர்க் கூலர், ஏஎம்டி பிராசசரின் மின்வரம்பைத் தளர்த்தும் பிபிஓ ஆன். வைகாசி முகூர்த்த வேலை குவிந்திருந்த நேரம். ரெண்டர் தொடங்கிப் பத்து நிமிடம் பறக்கும், பிறகு வேகம் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு விழும், மீண்டும் ஏறும், மீண்டும் விழும். பிராசசர் வெப்பமோ 70-ஐத் தாண்டவில்லை. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்டை மாற்றினார்கள். பிறகு கூலரையே மாற்றினார்கள். இரண்டாவது கூலருக்குக் கொடுத்த காசில் நல்ல மதர்போர்டே வந்திருக்கும்.

கோளாறு விஆர்எம்மில். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய 1.2, 1.3 வோல்ட்டாகக் குறைக்கும் பகுதி அது. 5900எக்ஸின் வழக்கமான உச்ச வரம்பு 142 வாட். பிபிஓ வரம்பைத் தளர்த்தினால் 200-ஐ நெருங்கும். 1.25 வோல்ட்டில் 200 வாட் என்றால் 160 ஆம்பியர். விலை குறைந்த போர்டில் அதைச் சுமப்பவை விஆர்எம்மின் நான்கு ஃபேஸ்கள் (சுமையைப் பங்கிடும் கிளைகள்), ஆளுக்கு 40 ஆம்பியர். மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு வீணானாலே 20 வாட்டுக்கு மேல் வெப்பம், விரல் நீளப் பட்டையில் தேங்கும். அதன்மேல் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கூட இல்லை. சூடு எல்லையைத் தாண்டியதும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைப் பிடித்து இழுக்கிறது.

தண்ணீர்க் கூலர் இதை இன்னும் மோசமாக்கும். பழைய கூலரின் ஃபேன் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தது. விஆர்எம்முக்கும் அதில் பங்கு உண்டு. அதைக் கழற்றிவிட்டு ரேடியேட்டரைக் கேபினெட்டின் முன்பக்கம் வைத்தால், அந்த இடத்தில் காற்றே அசையாது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 'மாஸ்' அல்லது 'விஆர்எம்' என்ற வெப்ப வரியைப் பாருங்கள். முழுச் சுமையில் 90-க்குள் நின்றால் நிம்மதி. 110 காட்டினால் கூலரைத் தொடாதீர்கள், குற்றவாளி அதுவல்ல. சில போர்டுகளில் அந்த சென்சாரே இருக்காது. அப்போது 'எஃபெக்டிவ் க்ளாக்' (பிராசசர் உண்மையில் ஓடும் வேகம்) எண் பத்து நிமிடம் கழித்துச் சரிகிறதா என்று பாருங்கள். உடனடித் தீர்வு, ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனை விஆர்எம்மை நோக்கித் திருப்பிக் கட்டுவது, பிபிஓவில் பிபிடி (பிராசசருக்கான மொத்த வாட்) வரம்பை 142-க்கே இறக்குவது. நிரந்தரத் தீர்வு, கனமான ஹீட்சிங்க் உள்ள போர்டு. பெட்டியில் அச்சிட்ட ஃபேஸ் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 50 ஆம்பியருக்குக் குறைந்தால் வேண்டாம்.

வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவது

மின்செலவு வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.20 வோல்ட்டில் 5.1 கிகாஹெர்ட்ஸ் ஓடும் சில்லை 1.35 வோல்ட்டில் 5.4-க்குத் தள்ளினால், வேகம் 6 சதவீதம் கூடும், மின்செலவு ஏறத்தாழ 34 சதவீதம் கூடும். அந்த 6 சதவீதம் ஒரு மணி நேர ரெண்டரில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் மிச்சப்படுத்தாது. நம் ஊர் வெயிலில் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து, அதே வேகத்தைக் காப்பாற்றுவதே லாபம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லு என்றால் முதலில் பயோஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜால் அவை பழுதாவதைத் தடுக்க இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது.

பொருந்தாத ஜோடி

இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான 'கே' சில்லை (பெயர் 'கே' என்று முடிவது) ஓவர்க்ளாக் செய்ய இசட்690 அல்லது இசட்790 மதர்போர்டு வேண்டும். பி760-இல் ரேம் வேகம் ஏறும், பிராசசர் ஏறாது. ஏஎம்டியில் ஏ520, ஏ620 வேண்டாம்.

நான்கு ரேம்

டிடிஆர்5 ரேம் என்றால் இரண்டு மட்டும் போடுங்கள். பிராசசர் சாக்கெட்டிலிருந்து எண்ணினால் 2-ஆவது, 4-ஆவது இடங்களில்.

பம்ப்

தண்ணீர்க் கூலரில் ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் பம்பில் தங்கும்.

பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள்

கழற்றி மாட்டும் கேபிள்களை ஒரு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒருபோதும் மாற்றிப் போடாதீர்கள். பிராசசர், ஹார்டு டிஸ்க் பக்கம் உள்ள முனைகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். சரியாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். ஹார்டு டிஸ்க்கோடு அதிலிருக்கும் கல்யாண வீடியோக்களும் போய்விடும். கேபினெட்டுக்குள் கிடக்கும் பழைய கேபிளையே புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிவிடலாம் என்ற சோம்பல்தான் காரணம். பத்து நிமிடம் செலவழித்து எல்லாவற்றையும் உருவி எடுங்கள்.

தூசி

கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைகளுக்குப் பக்கத்தில் வீடு என்றால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்கே தண்ணீர்க் கூலரைவிட இரட்டை ஃபேன் டவர் கூலரைச் சுத்தம் செய்வது எளிது. உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுபவற்றைவிட அதிகம் இருக்கட்டும், அவற்றின் முன்னால் வலை ஃபில்டர் இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியே காற்று வெளியே போகும், தூசி உள்ளே வராது. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ்

600 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். ஓவர்க்ளாக் செய்த பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 450 வாட் இழுக்கும்போது கரண்ட் போனால், அது ஒரு நொடிகூடத் தாங்காது. குறைந்தது 1100 விஏ வாங்குங்கள், அதிலும் பெட்டியில் உள்ள வாட் எண்ணைப் படித்துவிட்டு.