முலுவுக்கு ஒரே இரவா? குகை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கும் குனோங் முலு தேசியப் பூங்காவுக்கு உறவினர்களையும் நண்பர்களையும் பல வருடங்களாக அழைத்துப்போய்க்கொண்டிருக்கிறேன். பள்ளி விடுமுறை நெருங்கினால் யாராவது தங்கள் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியா இருக்கா பாருங்கண்ணே" என்று கேட்பார்கள். பெரும்பாலும் சரியாக இருக்காது. அந்தக் காலத்தில் நாங்கள் விவரம் தெரியாமல் எதையெல்லாம் செய்தோமோ, அதையே இப்போதும் செய்கிறார்கள். நல்ல சப்பாத்து போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பத்துமலையை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவது

மலேசியத் தமிழர்களுக்குச் சுண்ணாம்புக் குகை என்றால் பத்துமலைதான். 272 படி ஏறினால் குகை வந்துவிடும். முன்பதிவு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். நினைத்த நேரத்தில் போய் நினைத்த நேரத்தில் திரும்பலாம். இந்தப் பழக்கத்தோடு முலுவுக்குத் திட்டம் போடும்போதுதான் எல்லாம் இடறுகிறது.

முலுவுக்குச் சாலை கிடையாது. சரவாக்கின் மிரி நகரத்திலிருந்து சிறிய விமானத்தில் அரை மணி நேரம். ஆற்று வழியாகவும் போகலாம், ஆனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். படகையும் தனியாகப் பேசிப் பிடிக்க வேண்டும். 52,864 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட காடு அது. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. வழிகாட்டி இல்லாமல் எந்தக் குகைக்குள்ளும் நுழைய அனுமதி இல்லை.

நடைபாதையும் விளக்கும் போட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கும் காட்சிக் குகைகள் நான்கு. மான் குகையும் லாங் குகையும் ஒரு ஜோடி. பிற்பகலில் அழைத்துப் போவார்கள். காற்றுக் குகையும் தெளிநீர்க் குகையும் இன்னொரு ஜோடி. காலையில் படகில் போக வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் அரை நாள் வேண்டும். இந்த ஏற்பாட்டை முதலில் தெரிந்துகொள்ளாமல் விமான டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். பூங்காவில் குகைக்கும் அறைக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம் விமானத்துக்குப் போங்கள்.

ஒரே இரவு

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது.

திட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். சனிக்கிழமை மதியம் முலுவில் இறங்குவது, மான் குகை பார்ப்பது, மாலையில் வௌவால் பார்ப்பது, ஞாயிறு காலை தெளிநீர்க் குகை, மதியம் விமானம், இரவு கோலாலம்பூரில் வீடு. காகிதத்தில் பார்த்தால் அழகாகப் பொருந்தும். ஒரே ஒரு மழை பெய்தால் மொத்தமும் சரிந்துவிடும்.

ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பூங்கா உணவகத்தில் சந்தித்தேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியரான தாத்தா. வௌவால் கூட்டம் புறப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அதை நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டவர் அந்தத் தாத்தா. பயணத்தை ஒரு முகவர் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார், ஒரே இரவுக்கு. மிரியில் மழையால் விமானம் தாமதமாகி, அவர்கள் வந்து சேர்வதற்குள் மான் குகைக்குப் போகும் குழு கிளம்பிப் போய்விட்டது. சரி, வௌவாலையாவது பார்ப்போம் என்று மூன்று கிலோமீட்டர் பலகைப் பாதையில் தாத்தாவை மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார்கள். ஐந்து மணிக்குப் பிடித்த மழை இருட்டும் வரை விடவில்லை. ஒரு வௌவால்கூட வெளியே வரவில்லை. மறுநாள் காலை தெளிநீர்க் குகைக்குப் போனால் திரும்பி வர மதியத்தைத் தாண்டிவிடும், விமானத்தைப் பிடிக்க முடியாது. ஆகவே அதுவும் இல்லை. ஐந்து பேருக்கு ஈப்போவிலிருந்து முலு வரை போய்வரும் செலவு செய்து, ஒரு குகைக்குள்ளும் கால் வைக்காமல் திரும்பினார்கள். முகவரை அழைத்துக் கேட்டதற்கு, "மழைக்கு நான் என்ன செய்ய முடியும்" என்றாராம்.

மழைக்கு அவர் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் அங்கே மழை பெய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முலுவில் ஆண்டுக்கு 4,000 முதல் 5,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. மழையில்லாத மாதம் என்று ஒன்று அங்கே கிடையாது. "எந்த மாதம் போனால் மழை இருக்காது?" என்று கேட்டுத் தேடுவதும் வீண் வேலை. எந்த மாதமானாலும் பல நாட்களில் பிற்பகலிலோ மாலையிலோ பெய்யும். நாம் பார்க்க ஆசைப்படுவதும் சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

மான் குகையில் இரண்டு மூன்று மில்லியன் வௌவால்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலானவை உதட்டில் சுருக்கம் விழுந்த, வால் தனியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய இனம். மாலை ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில் அவை பூச்சி பிடிக்கப் புறப்படும். குகை வாயிலில் வளையமாகச் சுற்றிச் சுற்றித் திரண்டு, பிறகு நீண்ட ரிப்பனாக நெளிந்து காட்டின் மேல் போகும். தனியாகப் பறந்தால் வாயிலில் காத்திருக்கும் பருந்துகள் அடித்துவிடும் என்பதால்தான் இந்தக் கூட்டம். பலத்த மழையில் அவை வெளியே வருவதில்லை. இதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்களால் முடிந்தது, இன்னொரு மாலையைக் கையில் வைத்திருப்பது மட்டும்தான்.

மழை வௌவாலோடு நிற்பதில்லை. முலுவின் குகைகள் முலு மலைக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 2,376 மீட்டர் உயரமுள்ள அந்த மலை மணற்கல். குகைகள் இருப்பது அதற்குப் பக்கத்தில், அப்பி மலை முதலிய சுண்ணாம்புப் பாறை மலைகளில். மணற்கல் மலையில் விழும் மழை, காட்டு மண்ணின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடி வந்து சுண்ணாம்பைக் கரைத்து உள்ளே நுழைகிறது. குகைகளை உண்டாக்கியதே அந்தத் தண்ணீர்தான். மலையில் பலத்த மழை என்றால் ஆறும் ஏறும், குகைக்குள் ஓடும் ஆறும் ஏறும். அப்போது வழிகாட்டிகள் பயணத்தை நிறுத்திவிடுவார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்ட தெளிநீர்க் குகைத் தொகுதியில் தண்ணீர் எப்படி வரும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

விமானமும் அதே மழைக்குக் கட்டுப்பட்டதுதான். மலைகளுக்கு நடுவே சின்ன ஓடுபாதை. மேகம் இறங்கினால் தாமதம், சில நாள் ரத்து. இதை எண்ணிப் பார்க்காமல் முலுவிலிருந்து மிரிக்கு ஒரு டிக்கெட், அன்றைக்கே மிரியிலிருந்து கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ தனியாக இன்னொரு டிக்கெட் என்று வாங்குகிறார்கள். முதல் விமானம் வராவிட்டால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். தனித்தனியாக வாங்கியதால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். தேனிலவு வந்த ஒரு இளம் ஜோடி இப்படி மிரி விமான நிலையத்தில் புது டிக்கெட் வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசி நேர விலை. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இந்தப் பயணத்தில் பெரிய செலவு விமானம். ஒரு இரவு தங்கினாலும் மூன்று இரவு தங்கினாலும் அது மாறாது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் கொஞ்சம் வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய், பெரிய தொகை முழுவதையும் ஒரே மாலையின் வானிலையிடம் ஒப்படைக்கிறோம். இதில் என்ன சிக்கனம் இருக்கிறது?

குறைந்தது இரண்டு இரவு. வயதானவர்களும் பிள்ளைகளும் வந்தால் மூன்று. முதல் நாள் பிற்பகல் தவறினால் இரண்டாம் நாள் மான் குகை போகலாம். முதல் மாலை வௌவால் வராவிட்டால் மறு மாலையும் நடந்துபோய்ப் பார்க்கலாம். எல்லாம் முதல் நாளே கிடைத்துவிட்டதா, மீதிப் பொழுதுக்கு 480 மீட்டர் நீளமுள்ள மர உச்சித் தொங்குபாலம் இருக்கிறது. அதற்கும் முன்பதிவு வேண்டும். திரும்பும்போது மிரியில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் ஊருக்கு விமானம் ஏறுங்கள்.

சரவாக் மண்டபத்தைக் காட்சிக் குகை என்று நினைப்பது

உலகின் மிகப் பெரிய நிலத்தடிக் கூடங்களில் ஒன்று அது. 600 மீட்டர் நீளம், 400 மீட்டருக்கு மேல் அகலம். 1981இல் பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, கூட்டிப்போக முடியாது என்று தெரிந்ததும் தவித்த அப்பாக்கள் உண்டு. காட்டில் சில மணி நேரம் நடந்து, குகைக்குள் ஆற்றில் இறங்கி, கயிறு பிடித்துப் போக வேண்டிய இடம் அது. அதற்கு முன் நடுத்தரக் குகை ஒன்றில் போய்வந்து உங்கள் திறமையைக் காட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளிடம் மான் குகையைச் சொல்லுங்கள். கூரை நூறு மீட்டருக்கும் மேலே, அங்கிருந்து அருவியாக விழும் தண்ணீர், ஒரு கோணத்தில் ஆபிரகாம் லிங்கனின் முகம்போலத் தெரியும் வாயில். எந்தப் பிள்ளையும் அங்கே ஏமாற்றம் அடைந்து நான் பார்த்ததில்லை.

கூர்முனைப் பாறைகளையும் அதே பயணத்தில் சொருகுவது

அப்பி மலைச் சரிவில் ஊசிபோல் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் அவை. அவற்றைப் பார்க்கத் தனியாக மூன்று நாள், இரண்டு இரவு வேண்டும். 2.4 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற வேண்டும். கடைசிப் பகுதி முழுக்க ஏணிகள். காட்சிக் குகைப் பயணத்தோடு சேர்க்க வேண்டாம்.

குளிருக்கு ஜாக்கெட்

வேண்டாம். ஒரு குகையின் உள்வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டித்தான் இருக்கும். ஐரோப்பியக் குகைகள் குளிர்வது அதனால்தான். முலுவில் உள்ளேயும் வியர்க்கும்.

"ஒருமுறை தொட்டால் என்ன?"

லாங் குகை சின்னது, பாதைக்கு மிக அருகிலேயே கல் திரைச்சீலைகளும் கல் விழுதுகளும் தொங்கும். கை தானாக நீளும். நம் தோலின் எண்ணெய் ஈரப் பாறையில் படிந்தால், சொட்டும் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பு அந்த இடத்தில் ஒட்டுவது தடைபடுகிறது. பிறகு அந்த இடம் கறுத்துப்போகும். கூட்டத்தில் ஒருவர் தொட்டால் பின்னால் வரும் பத்துப் பேரும் தொடுவார்கள். பிள்ளைகளுக்குக் குகை வாயிலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போய்க் கத்தினால் அங்கே இருக்கும் உழவாரக் குருவிகளுக்கும் தொந்தரவு. அவை வாயால் சொடுக்குப் போடுவதுபோல் ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்தே இருட்டில் வழி கண்டுபிடிக்கின்றன. கொஞ்சம் அமைதியாக நின்றால் அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்கலாம்.

விளக்கு மங்கலாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிச்சம் விழும் இடமெல்லாம் குகையில் பச்சைப் பாசி பிடிக்கும், அது பாறையைக் கெடுக்கும். மங்கல் வேண்டுமென்றே செய்ததுதான். வௌவாலைப் பார்த்து ஃபிளாஷ் அடிக்கவே கூடாது.

டார்ச் லைட்டை அறையில் விட்டுவிட்டு வருவது

வௌவால் பார்த்துவிட்டுத் திரும்பும் மூன்று கிலோமீட்டரும் காட்டிருட்டு. ஆளுக்கு ஒன்று, தலையில் மாட்டுவதாக இருந்தால் நல்லது. கைப்பேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

பணம்

மிரியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். முலுவில் ஏடிஎம் இல்லை.

அடையாள அட்டை

தீபகற்பத்திலிருந்து போகும் மலேசியருக்கும் சரவாக்கில் குடிநுழைவுச் சோதனை உண்டு, மைகார்டு கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் உங்களோடு வந்தால், கோலாலம்பூரில் முத்திரை குத்தியாயிற்று என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட வேண்டாம். சரவாக்கில் மறுபடி கேட்பார்கள்.