கில்ட் தைக்கும் சட்டத்தில் ஏற்றும் முன் பின்துணியைத் தயார்செய்வது எப்படி?

கில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் பின்துணி என மூன்றையும் அடுக்கித் தைக்கும் போர்வை. அதன் மேல்துணிக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள்கூடப் பின்துணியை அரைமணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். முதல் கில்ட்டில் மேல்துணியின் அளவுக்கே பின்துணியை வெட்டினேன். சட்டத்தில் துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கிளிப்புகளில் தையல் இயந்திரத்தின் தலை இடித்து இடித்து, ஓரத்தில் ஒரு வரிசைகூட நேராக விழவில்லை.

முதலில் அளவு. நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள். மேல்துணி 60-க்கு 80 அங்குலம் என்றால் பின்துணி 68-க்கு 88. பருத்தித் துணியின் அகலம் பெரும்பாலும் 42 முதல் 44 அங்குலம்தான். எனவே 88 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் வேண்டும். கணக்குப்படி நாலரை மீட்டர். சுருங்குவதற்கும் சேர்த்து 5 மீட்டராக வாங்கிவிடுங்கள்.

துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். இணைக்கும் பக்கத்தில் கரையை (துணியின் நெய்த ஓரத்தை) வெட்டி எடுத்துவிடுங்கள். கரையின் நெசவு நெருக்கமானது. தையலுக்குள் விட்டால் சுருக்கம் விழும். அரை அங்குலம் உள்ளே தைத்து, தையலை இருபுறமும் விரித்துத் தேயுங்கள். பிறகு 68-க்கு 88 ஆக வெட்டி, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் துணி கோணலில்லாமல் இருக்கிறது. கோணலான துணியைச் சட்டத்தில் இழுத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கம் தொய்யும், மறுபக்கம் விறைக்கும்.

பலரும் கவனிக்காதது, இரு துண்டுகளையும் இணைத்த ஒட்டுத்தையலின் திசை. அது, சட்டத்தில் துணியைச் சுற்றும் உருளைக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால், சுற்றச் சுற்றத் தையல் ஒரே இடத்தில் அடுக்கடுக்காக ஏறி நடுவில் புடைக்கும். இரு ஓரங்களும் தளரும். ஆகவே நம் துணியில் 88 அங்குல ஓரத்தைத்தான் உருளையில் பொருத்த வேண்டும். கில்ட் பக்கவாட்டில் கிடக்கும். மேல்கீழ் உள்ள தையல் வடிவம் என்றால் அதையும் திருப்பித் தைக்க மறக்காதீர்கள்.

இனி ஏற்றலாம். துணியின் நடுவையும் உருளைத் துணியின் (உருளையோடு நிலையாகப் பொருத்தியிருக்கும் துணியின்) நடுவையும் குறித்து, நல்ல பக்கம் தரையைப் பார்க்க, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் குண்டூசி குத்துங்கள். மறுமுனையையும் அவ்வாறே பொருத்திச் சுற்றுங்கள். மத்தளம்போல் விறைக்க இழுக்கக் கூடாது. கழற்றியதும் துணி சுருங்கி, தையல் முழுவதும் நெளியும். கீழிருந்து விரலால் அழுத்தினால் லேசாக மேலே எழ வேண்டும், அவ்வளவுதான்.