பொட்டலமும் குளிரும்: பச்சை இறைச்சியில் பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது

தோலுரித்து வெட்டும்போதே இறைச்சியின் மேற்பரப்பில் பாக்டீரியா ஒட்டிவிடும். அதில் எது பெருகும் என்பது பொட்டலத்தைப் பொறுத்தது. எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பது குளிரைப் பொறுத்தது.

காற்று புகும் பையில் முந்துவது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஆக்சிஜன் இருந்தால் 2 டிகிரி செல்சியஸிலும் அது பெருகும். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கோடியைத் தொடும்போது வாடை தொடங்கும். 10 கோடியை நெருங்கினால் தொடும்போது வழுவழுக்கும்.

காற்றை உறிஞ்சி மூடிய வேக்குவம் பையில் ஆக்சிஜன் இல்லாததால் சூடோமோனாஸ் அடங்கிவிடும். மெதுவாக வளரும் லாக்டிக் அமில பாக்டீரியா அந்த இடத்தைப் பிடிக்கும். இறைச்சி நெடுநாள் தாங்குவது இதனால்தான். மாட்டிறைச்சி கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பிரித்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சிவப்பு திரும்பும். பை பலூன்போல உப்பியிருந்தால் பிரிக்காமலே எறியுங்கள்.

பலரும் ஏமாறுவது இங்கேதான்: வாடை இல்லையென்றால் கெடவில்லை என்று நினைக்கிறார்கள். நோய் தரும் லிஸ்டீரியா பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமலும் வளரும், ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், மூக்குக்கும் தெரியாது. பாட்டுலினம் பாக்டீரியாவில் ஒரு வகை 3 டிகிரியிலேயே நஞ்சு உண்டாக்கும். ஆகவே வேக்குவம் பை குளிருக்கு மாற்று அல்ல.

ஃபிரிட்ஜின் டயலை நம்பாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க உள்ளே வைத்து, காலையில் பாருங்கள். 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. வாங்கிய இறைச்சி 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரத்துக்குள். கழுவ வேண்டாம், தெறிக்கும் நீர் கிருமியைச் சமையலறை முழுக்கப் பரப்பும். ஈரத்தைக் காகிதத் துண்டால் ஒற்றியெடுத்து, விளிம்புள்ள தட்டில் போட்டு ஃபிரிட்ஜின் அடி அடுக்கில் வையுங்கள். பெரிய கட்டியின் நடுப்பகுதி குளிர நேரமாகும், அதனால் பிரித்து வைப்பது நல்லது.

சாதாரணப் பையில் கோழியும் கொத்துக்கறியும் 1 முதல் 2 நாள், ஆட்டு, மாட்டுத் துண்டுகள் 3 முதல் 5 நாள். கொத்துக்கறிக்கு நாள் குறைவதற்குக் காரணம், அரைக்கும்போது மேற்பரப்புக் கிருமி உள்ளே கலந்துவிடுவது. அதை 71 டிகிரி வரையிலும், கோழியை 74 டிகிரி வரையிலும் நடுப்பகுதி சூடேற வேகவையுங்கள்.

அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில். அங்கே கிருமி சாகாது, உறங்கும். உருக்குவதை ஃபிரிட்ஜுக்குள்ளேயே செய்யுங்கள். சமையல் மேடையில் வைத்தால் நடுவே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் சூடேறி, வடியும் சாற்றில் பாக்டீரியா மறுபடி பெருகத் தொடங்கிவிடும்.